கேடயம் யாருக்கு?

மதிப்பிற்குரிய அம்மா,

டிசம்பர் கோடை விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்தில் நம் இளையோருக்கான தலைமைப் பயிற்சி முகாமை நடத்தும் குழுவில் இருந்தேன். தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிப் பேச்சுப் போட்டி, விளையாட்டு, மலையேற்றம் எல்லாம் நன்றாகவே நடந்தன. ஆனால் பிள்ளைகள் தமிழில் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. அடுத்த ஆண்டு வகுப்புகளைத் தமிழில் நடத்துவதா, ஆங்கிலத்திலா? இன்னொன்றும் உறுத்துகிறது. நன்றாகப் பேசிய பையனுக்குச் ‘சிறந்த தலைவர்’ கேடயம் கொடுத்தோம். மலையேற்றத்தில் கால் சுளுக்கிய சிறுமியோடு கடைசிவரை பின்தங்கி நடந்துவந்த பெண்ணை யாருமே குறிப்பிடவில்லை.

வாசகர் ஒருவர், டர்பன்

அன்புள்ள தம்பி,

புரிகிற மொழியில் நடத்துங்கள். வீட்டில் இல்லாத தமிழ் முகாமில் முளைத்துவிடாது. அதைப் பெற்றோரிடம் பேசவேண்டும். அது வேறு சண்டை.

கேடயத்துக்கு வருகிறேன். சில காலமாகவே எனக்கு இதுதான் ஆற்றாமை. ஒலிபெருக்கியைப் பிடித்துத் தடங்கலில்லாமல் பேசினால் தலைவன் என்று நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நாம்தான். அதிலும் வள்ளியம்மையின் பெயரில்! ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அந்தப் பெண் காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்து மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனார். கொடுங்காய்ச்சலோடு வெளியே வந்தார். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, இப்போது கைது செய்தாலும் மறுபடி போகத் தயார் என்றாராம். அவர் பேசியதாக நமக்குக் கிடைத்திருப்பது சில வாக்கியங்கள்தான். அவரை வைத்தா பேச்சுப் போட்டி?

அதே போராட்டத்தில், 1913இல் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து நேட்டாலில் உள்ள நியூகாசிலுக்குப் போன பெண்களை நினைத்துப்பாருங்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடமே நேரில் போய், ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்த இந்தியர்கள் தலைமேல் ஆண்டுதோறும் விழுந்த 3 பவுண்டு வரியைப் பற்றிப் பேசினார்கள். வேலைநிறுத்தம் மூண்டு, கடலோரக் கரும்புத் தோட்டங்கள்வரை பரவியது. மறு ஆண்டே அந்த வரி ஒழிந்தது. அவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்கள் முகாமில் யாருக்காவது தெரியும்?

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் கோயில் அன்னதானத்தை ஒரு பெரியம்மா நடத்துவார். நிர்வாகக் குழுவில் அவருக்கு இடமில்லை. எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாளியைக் கொடுத்து, “இந்தப் பந்தி உன்னுடையது” என்பார். அந்த வரிசையில் காரம் ஒத்துக்கொள்ளாத தாத்தா யார், கேட்கக் கூச்சப்பட்டு வெறும் இலையின் முன் உட்கார்ந்திருக்கும் குழந்தை யார் என்று பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. ஒருவர் பசியோடு எழுந்து போனாலும் பெரியம்மா அடுத்த வாரம்வரை முகம் கொடுக்கமாட்டார். இன்றைக்கும் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தால், யார் ஓரமாக நிற்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது. அது அவர் போட்ட பழக்கம்.

உங்கள் முகாமில் சமைத்தது யார்? பாத்திரம் கழுவியது யார்? கூலிக்கு ஆள் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்குப் பொறுப்பென்று ஒன்றையும் கொடுக்காமல் தலைமையைப் பற்றி வகுப்பு மட்டும் எடுத்தால் அவர்கள் வேறு எதைக் கற்பார்கள்? பேசத்தான் கற்பார்கள்.

அந்தப் பையன்மீது எனக்குக் கோபமில்லை. அவன் நன்றாகப் பேசியிருக்கிறான், வாழட்டும். உங்கள்மீதுதான் கோபம். அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், மனத்தில் உறுத்தியிருக்கிறது, ஆனாலும் கேடயம் கொடுத்த மேடையில் கைதட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். எனக்கு எழுதுவதற்கு முன் அவள் வீட்டுக்கு எழுதியிருக்க வேண்டாமா? இப்போதாவது எழுதுங்கள். மலையில் அவள் என்ன செய்தாள், நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று அவளுடைய அம்மா அப்பாவுக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும்.

அடுத்த டிசம்பரில் கேடயமே வேண்டாம். ஆளுக்கொரு பந்தி கொடுங்கள். கைக்காசு போட்டு அனுப்பியது பாத்திரம் கழுவவா என்று பெற்றோர் யாராவது சீறினால், என்னிடம் பேசச் சொல்லுங்கள்.