பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதானே படித்தோம்? பிறகு பாலிமர் எல்.இ.டி எப்படி ஒளிர்கிறது? அது ஏன் டிவித் திரைகளுக்கு வரவில்லை?

பள்ளியில் படித்தது பாலித்தீன் போன்றவற்றுக்குச் சரி. அவற்றின் சங்கிலியில் கார்பன் அணுக்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்புகள் மட்டும்தான். எலக்ட்ரான் நகர வழியே இல்லை. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வந்தால் இரட்டைப் பிணைப்பிலுள்ள தளர்வான பை எலக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவிக்கொள்ளும். பொருள் குறைக்கடத்தி ஆகிவிடும்.

அப்படிப்பட்ட ஒரு பாலிமர்தான் பாலி பாரா பினிலீன் வினிலீன், சுருக்கமாகப் பிபிவி. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜெரமி பரோஸ் இதை ஒரு காப்புப் படலமாகச் சோதித்துக்கொண்டிருந்தார். மின்னழுத்தம் கொடுத்தபோது மஞ்சள் கலந்த பச்சை ஒளி வந்தது. 1990-ல் அந்தக் குழு நேச்சர் இதழில் கட்டுரையாக வெளியிட்டது. ஒருபக்க மின்வாயிலிருந்து துளைகள் (எலக்ட்ரான் இல்லாத நேர்மின் இடங்கள்), மறுபக்கத்திலிருந்து எலக்ட்ரான்கள். இரண்டும் சங்கிலியில் சந்தித்து எக்சிட்டான் என்ற கிளர்ந்த இணையாகி, அது தணியும்போது ஒளி. முதல் டையோடுகளின் குவாண்டம் திறன் (செலுத்தும் எலக்ட்ரான்களில் ஒளித்துகள் தருபவற்றின் பங்கு) அதிகபட்சம் 0.05 சதவீதம்தான். அடுத்த ஆண்டே பிரவுன், ஹீகர் என்ற ஆய்வாளர்கள் பிபிவியின் கரையக்கூடிய வகையான எம்.இ.எச்-பிபிவியையும் கால்சியம் மின்வாயையும் வைத்து அதை 1 சதவீதம் அளவுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆய்வு மாணவனாக நான் அதிகம் கையாண்டதும் இந்த எம்.இ.எச்-பிபிவிதான். சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறக் கரைசல். அதில் சில சொட்டுகளைக் கண்ணாடித் தகட்டில் விட்டு வேகமாகச் சுழற்றினால், சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் சீரான படலம் கிடைத்துவிடும். மேலே உலோகத்தைப் படியவைத்து, சில வோல்ட் கொடுத்தால் போதும், ஆரஞ்சு ஒளி. ஒரு திரவத்தை ஊற்றி விளக்கு செய்யலாம் என்பது இன்றைக்கும் என்னைச் சிலிர்க்க வைக்கிற விஷயம். ஆனால் அதே டையோடை மூடி முத்திரையிடாமல் வெளிக்காற்றில் எரியவிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்: உலோகத்தில் உள்ள ஊசிமுனைத் துளைகள் வழியாக ஈரமும் ஆக்சிஜனும் இறங்கி, கரும்புள்ளிகள் முளைத்து விரிந்துகொண்டே போகும்.

ஆனால், டிவி சந்தையை இழந்ததற்கு இந்தக் கரும்புள்ளி முக்கியக் காரணம் இல்லை. ஈரப் பிரச்சினை எல்லா ஓ.எல்.இ.டிக்கும் (கரிமப் பொருளால் ஆன எல்.இ.டி) உண்டு. கரைசலில் செய்வதன் வசதியே எதிராகத் திரும்பியது என்பேன். நல்ல திறனுக்குப் பல அடுக்குகள் வேண்டும். பாலிமரில் இரண்டாவது அடுக்கை ஊற்றும்போது அதன் கரைப்பான் முதல் அடுக்கையே கரைத்துவிடும். நீரில் வரும் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமர் மீது டொலுவீன் என்ற கரிமக் கரைப்பானில் கரைத்த பாலிமரை ஊற்றலாம், சரி. மூன்றாவதற்கு என்ன செய்வது? போட்டியாக இருந்த, நீண்ட சங்கிலி இல்லாத சிறு மூலக்கூறு ஓ.எல்.இ.டிகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. வெற்றிடத்தில் ஆவியாக்கி அடுக்கின் மேல் அடுக்காகப் படியவைத்துக்கொண்டே போகலாம். பதங்கமாக்கிச் சுத்தப்படுத்தவும் முடியும். நீண்ட சங்கிலி ஆவியாகாது, சிதைந்துதான் போகும்.

நீலம் தனிக்கதை. பாலிஃபுளோரீன் அழகான நீலம் தரும், ஆனால் சங்கிலியில் ஆங்காங்கே ஆக்சிஜன் ஏறி கீட்டோன் என்ற குறை உண்டானால் ஆற்றல் அங்கே போய்ச் சேர்ந்து, நிறம் பச்சைப் பக்கம் சரியும். அப்புறம், 1998 வாக்கில் சிறு மூலக்கூறுப் பக்கம் பாஸ்பரெசென்ட் சாயங்கள் வந்து, அதுவரை ஒளி தராமல் வீணாகிக்கொண்டிருந்த மும்மை நிலை என்ற வகை எக்சிட்டான்களிலிருந்தும் ஒளி எடுக்கத் தொடங்கியதும் இடைவெளி இன்னும் பெரிதாகிவிட்டது.

இதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்துபார்க்க நினைத்தால் 1995-ல் பெய், ஹீகர் குழுவினர் காட்டிய ஒளி உமிழ் மின்வேதிக் கலத்தில் தொடங்குங்கள். பாலிமரோடு ஓர் உப்பையும் அயனி கடத்தும் பாலிமரையும் கலந்துவிடுகிறார்கள். மின்னழுத்தம் கொடுத்ததும் அயனிகள் மின்வாய்களை நோக்கி நகர்ந்து, மின்னேற்றம் உள்ளே நுழைய வழி செய்துகொடுக்கும். அதனால் காற்றுப் பட்டாலே கெட்டுப்போகும் கால்சியம் தேவையில்லை, அலுமினியமே போதும். படலம் கொஞ்சம் தடித்தாலும் ஒளிரும்.