கணக்கு நோட்டு மேஜையிலேயே இருக்கட்டும்

கேள்வி: எங்கள் நாடகக் குழு ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் ‘வான்யா மாமா’வைப் போடப்போகிறது. கூடவே, அதில் வரும் சோனியாவின் பிற்காலத்தை வைத்து அயர்லாந்து நாடகாசிரியர் ப்ரையன் ஃப்ரீல் எழுதிய ‘ஆஃப்டர்பிளே’யையும் சேர்க்க ஆசை. இரண்டையும் ஒரே மாலையில் போடலாமா? இரண்டிலும் வரும் சோனியாவாக ஒருவரே நடிக்கலாமா?

ஒரே மாலையில் வேண்டாம். வான்யா நான்கு அங்கம்; இடைவேளையோடு இரண்டரை மணி நேரம் ஓடும். அதற்கு மேல் ஏறக்குறைய ஒரு மணி நேர நாடகம் என்றால் பார்க்க வந்தவர்களுக்குக் கடைசி பஸ் ஞாபகம் வந்துவிடும். சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2002-இல் டப்ளின் கேட் தியேட்டரில் ‘ஆஃப்டர்பிளே’ முதலில் மேடையேறியபோது அதற்குத் துணையாக வைத்ததும், செகாவின் ‘கரடி’ என்ற ஓரங்க நாடகத்தின் தழுவலைத்தான்.

சோனியாவாக ஒருவரே நடிக்கட்டும். வான்யாவின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். சோனியாவின் அப்பாவும் அவர் மனைவியும் வண்டியேறிப் போன பிறகு மாமா வான்யாவும் மருமகள் சோனியாவும் எஸ்டேட் கணக்கு எழுத உட்காருகிறார்கள். (ரஷ்ய மொழியில் அப்பாவின் தம்பிக்கும் அம்மாவின் அண்ணனுக்கும் ஒரே சொல்தான். வான்யா தாய்மாமன் என்பதைத் தமிழில் தலைப்பே சொல்லிவிடுகிறது!) பிப்ரவரி 2, எண்ணெய் 20 பவுண்டு, 16-ஆம் தேதி, மறுபடி எண்ணெய் 20 பவுண்டு என்று வான்யா எழுதிக்கொண்டே போகிறார். ஃப்ரீலின் நாடகம் சுமார் இருபது வருடம் கழித்து, 1920களின் தொடக்கத்தில் மாஸ்கோவின் ஒரு பழைய கஃபேயில் நடக்கிறது. அங்கேயும் சோனியா எஸ்டேட் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதே மேஜை, அதே நோட்டு இருந்தால் போதும். நரைப் பூச்சுக்கு மெனக்கெட வேண்டாம்.

இன்னொரு பாத்திரம் ஆந்திரே, செகாவின் ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்திலிருந்து வருகிறவர். அதைப் பார்க்காதவர்களுக்குப் புரியுமா என்று கவலைப்படாதீர்கள். சோனியாவுக்கே அவர் நேற்று அறிமுகமானவர்தான். ஓபரா வாத்தியக் குழுவில் வயலின் வாசிப்பதாகச் சொல்கிறார். அதில் எவ்வளவு நிஜம் என்பது அவளோடு சேர்ந்துதான் நமக்கும் தெரியவரும். நோட்டீஸில் அவரைப் பற்றி ஒரு வரிகூட அச்சடிக்காதீர்கள்.

அப்புறம், உரிமை. செகாவ் 1904-இல் மறைந்தவர். மூலத்துக்குத் தொல்லை இல்லை, ஆனால் நீங்கள் எடுக்கும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். ஃப்ரீல் மறைந்தது 2015-இல்தான். அவர் நாடகத்தை மொழிபெயர்க்கவும் மேடையேற்றவும் எழுத்துமூல அனுமதி வேண்டும். அது கைக்கு வராமல் ஒத்திகை தொடங்காதீர்கள்.