இலுப்பைக் கொட்டை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: அணைக்கட்டு பக்கம் எங்கள் கொல்லை வரப்பில் தாத்தா காலத்து இலுப்பை மரங்கள் இரண்டு நிற்கின்றன. போன ஆடியில் பொறுக்கிய கொட்டையைச் சாக்கில் கட்டி வைத்திருந்து, ஐப்பசி மழையில் 200 பைகளில் ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மீதியைச் செக்கில் ஆட்டினேன். அந்த எண்ணெய் மார்கழியில் வெண்ணெய் மாதிரி கட்டிவிட்டது. கலப்படமாக இருக்குமோ? பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா?

பதில்: மழையைக் குறை சொல்ல வேண்டாம், மண்ணையும் குறை சொல்ல வேண்டாம். கொட்டை சாக்கிலேயே செத்துவிட்டது. கேழ்வரகு, துவரை போலக் காயவைத்து அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைக்கிற விதை இல்லை இது. நன்றாகக் காய்ந்தால் உயிர் போய்விடும். ஈரத்தோடு அடைத்தால் பூசணம் பிடிக்கும். சில வாரம்தான் தாங்கும். நீங்கள் மூன்று மாதம் வைத்திருக்கிறீர்கள்.

இந்த முறை ஆடிக் கிருத்திகைக்கு முன்பின்னாக, விடியற்காலையில் மரத்தடிக்குப் போங்கள். இரவில் வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டை சுத்தமாகக் கிடக்கும். (சதை தித்திப்புதான், சிறு வயதில் நாங்களும் வௌவாலோடு போட்டிக்கு நின்றவர்கள்.) முழுப் பழமாகக் கிடைத்தால் சதையைப் பிதுக்கி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். அன்றைக்கோ மறுநாளோ ஊன்றிவிட வேண்டும். ஆழமாகப் புதைக்காதீர்கள், கொட்டையின் மேல் ஒரு விரல்கடை மண் இருந்தால் போதும். ஆணிவேர் வேகமாக இறங்கும் மரம் என்பதால் பை உயரமானதாக இருக்கட்டும். அணில், எலி தோண்டாமல் மேலே முள் பரப்புங்கள். ஒரு வருடக் கன்றை அடுத்த மழையில் நடலாம். முதல் இரண்டு கோடை தண்ணீரும், ஆட்டுக்கு எட்டாத வேலியும் கொடுத்தால் அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும். காய்ப்புக்கு மட்டும் பத்து வருடமாவது பொறுக்க வேண்டும்.

எண்ணெய்க்கு எடுப்பதில் இதற்கு நேர் எதிர். ஓட்டை உடைத்து, பருப்பை நன்றாகக் காயவைத்துத்தான் ஆட்ட வேண்டும். பூசணம் பிடித்த பருப்பைக் கலந்தால் எண்ணெய் காறிப்போகும்.

கட்டியதற்குச் செக்குக்காரரைக் கோபிக்காதீர்கள். இலுப்பை எண்ணெய் குளிருக்குக் கட்டும். வெயிலில் வைத்தால் இளகிவிடும். ஆனால் பாமாயிலும் அப்படித்தான் கட்டும், அதனால் கட்டுவதை வைத்துச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது, கலப்படம் என்றும் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் அடுத்த முறை ஆட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காதீர்கள். அதில் நுரைக்கிற கசப்புப் பொருள் இருக்கிறது. முன்பெல்லாம் சீயக்காய் போல அதைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். உங்களுக்கு அது எருதான்: மட்க வைத்துத் தென்னைக்குப் போடுங்கள். மீன் விட்டிருக்கும் குட்டை, ஏரிக் கால்வாய் பக்கம் மட்டும் குவிக்காதீர்கள். கரைந்து ஓடினால் மீன் செத்து மிதக்கும்.