வாசகர் கேள்வி: அப்பாவின் பழைய கிடார்

கே: 1980களில் அப்பா வாங்கிய, வயலின் போல ‘எஃப்’ துளை வைத்த கிடாரைப் பரணிலிருந்து இறக்கினோம். கம்பி ரொம்ப உயரம். கற்றுக்கொள்ளும் மகள் விரல் நோகிறது என்கிறாள். புதிதாகவே வாங்கிவிடலாமா? – வாசகி, திருச்சி

ப: அவசரப்படாதீர்கள். முழுச் சுதி சேர்த்துவிட்டு, 12ஆவது ஃபிரெட்டின் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மெல்லிய கம்பியில் 2 மி.மீ., தடித்ததில் 2.5 மி.மீ. போதும். 4, 5 என்று காட்டினால் எந்தப் பிள்ளைக்கும் வாசிக்க மனசு வராது.

முதலில் நெக்கை, அதாவது கிடாரின் நீண்ட கழுத்தை, சந்தேகப்படுங்கள். தடித்த கம்பியை 1ஆவது ஃபிரெட்டிலும், நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்தினால், 7ஆவது ஃபிரெட்டின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளிதான் தெரிய வேண்டும். அதற்கு மேல் என்றால் நெக் வளைந்திருக்கிறது. தலைப்பக்கம் சின்ன மூடிக்குள் ட்ரஸ் ராடு (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) இருந்தால் கால் சுற்று மட்டும் வலப்பக்கம் திருகி, மறுபடி அளந்து பாருங்கள். மலிவான பழைய கிடார்கள் பலவற்றில் அது கிடையாது. அப்படியானால் 12 செட் கம்பியை (மிக மெல்லிய கம்பியே 0.012 அங்குலத் தடிமன்) மறந்துவிடுங்கள். அது நெக்கை ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுக்கும். 10 செட் போடுங்கள்.

நெக் நேராக இருந்தால் வேலை சுலபம். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் இரு பக்கமும் உள்ள சக்கரத் திருகுகளை இறக்குங்கள். 12ஆவது ஃபிரெட்டில் 1 மி.மீ. குறைய, பிரிட்ஜ் 2 மி.மீ. இறங்க வேண்டும்.

கே: பிரிட்ஜ் நகர்ந்துவிட்டது. வெறும் கம்பியில் சுதி சரி, மேல் ஃபிரெட்டுகளில் அபஸ்வரம். – வாசகர், மதுரை

ப: ‘எஃப்’ துளை கிடாரில் பொதுவாகப் பிரிட்ஜை ஒட்டுவதில்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் சிறு பட்டை) 12ஆவது ஃபிரெட் எவ்வளவு தூரமோ, அங்கிருந்து பிரிட்ஜும் அவ்வளவு தூரம். மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ., தடித்த பக்கம் 4 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு 12ஆவது ஃபிரெட்டின் நேர் மேலே விரல் பட்டும் படாமலும் வைத்து ஒரு முறை, அழுத்தி ஒரு முறை மீட்டுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறி ஒலித்தால் பிரிட்ஜை வால்பக்கம் தள்ளுங்கள், இறங்கினால் நெக் பக்கம். கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றினால் இந்த வம்பே வராது.

கே: பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் தன் முதல் கிடாரைக் கழற்றிப் போட்டுவிட்டாராமே? – வாசகர், கோவை

ப: உண்மைதான். 1950களில் லிவர்பூலில், மூன்றரை பவுண்டுக்குக் கைமாறி வந்த எக்மண்ட் என்ற டச்சு கிடார் அது. நெக்கைப் பிடித்திருந்த போல்ட்டைச் சிறுவன் ஜார்ஜ் கழற்றிவிட்டார், திரும்ப மாட்டத் தெரியவில்லை. அலமாரியில் கிடந்ததை அண்ணன் பீட்டர்தான் சரிசெய்து கொடுத்தார். உங்கள் கிடாரிலும் நெக்கின் அடியில் போல்ட் இருந்தால், கம்பிகளை முழுக்கத் தளர்த்தாமல் அதைத் தொடாதீர்கள். கழற்றும்போது உள்ளே மெல்லிய மரச் சீவலோ அட்டையோ இருந்தால் பத்திரம். நெக்கின் சாய்வு அதனால்தான் கிடைக்கிறது. குப்பை என்று எறிந்துவிட்டு முடுக்கினால் கம்பி உயரமே மாறிவிடும்.