6174: காரணம் கேட்கும் மகளுக்கு

அன்புள்ள ஐயா,

நான் மும்பை மலாடில் வசிக்கிறேன். நான்கு இலக்க எண் ஒன்றின் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்து, வரும் விடையிலும் அதையே தொடர்ந்து செய்தால் 6174 வந்துவிடும் என்று எங்கள் குடியிருப்புப் பெரியவர் ஒருவர் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். தெய்வ சக்தியுள்ள எண் என்கிறார் அவர். மகளோ காரணம் கேட்கிறாள். மேலும், 2111-இல் தொடங்கினால் 999 வந்து கணக்கு நின்றுவிடுகிறதே?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

999-ஐ 0999 என்று எழுத வேண்டும். 9990-இலிருந்து 0999-ஐக் கழித்தால் 8991. பிறகு 8082, 8532, 6174. நான்கு இலக்கமும் ஒன்றாகவே உள்ள 1111, 2222 போன்றவை மட்டுமே விலக்கு.

உங்கள் மகள் கேட்பதே சரியான கேள்வி. இலக்கங்களை இறங்கு வரிசையில் வைத்துவிட்டால், விடையைத் தீர்மானிப்பவை இரண்டு வித்தியாசங்கள்தாம்: முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் உள்ளது ஒன்று, நடு இரண்டுக்கும் இடையே உள்ளது மற்றொன்று. முன்னதை 999-ஆலும் பின்னதை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் விடை கிடைக்கும். முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரைதான் இருக்க முடியும், இரண்டாவது அதை மிஞ்ச முடியாது என்பதால், எந்த எண்ணில் தொடங்கினாலும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளில் ஒன்றுக்குள் அகப்பட்டுக்கொள்கிறோம். அவற்றிலும் ஒரே இலக்கங்கள் இடம் மாறி நிற்பவற்றை ஒன்றாக எண்ணினால் மிஞ்சுவது 30. அந்த முப்பதையும், ஒவ்வொன்றின் இலக்கங்களையும் இறங்கு வரிசையில் வைத்து, ஒரு தாளில் எழுதி, எது எதற்குப் போகிறது என்று அவளையே அம்புக்குறி போடச் சொல்லுங்கள். எல்லா அம்புகளும் 7641-இல் வந்து சேர்வதையும், 7641-இலிருந்து 1467 போனால் 6174 என்பதையும் அவளே கண்டுகொள்வாள். ஏழு படிகளுக்கு மேல் எந்த எண்ணுக்கும் தேவைப்படுவதில்லை.

இதைக் கண்டவர் உங்கள் பக்கத்து ஊர்க்காரர். மேற்கு ரயில்வேயின் புறநகர்ப் பாதை முடியும் டஹாணுவில் 1905-இல் பிறந்து, நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். காப்ரேகர் அவர். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை அறிவித்தார். அந்த ஆண்டையே எண்ணாக எடுத்தால் 8442, 5994, 5355, 1998, 8082, 8532, 6174 என்று முழு ஏழு படிகளும் ஆகின்றன. 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் தம் அமெரிக்கப் பத்திரிகைப் பத்தியில் எழுதிய பிறகே உலகம் அவரைப் பரவலாக அறிந்தது. ஆராய்ச்சிப் பட்டம் இல்லாத ஒரு வாத்தியார், பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கழித்தலை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதில் எனக்குத் தீராத மதிப்பு உண்டு. அந்தப் பெருமையைத் தெய்வத்தின் கணக்கில் எழுதிவிடுவது அவருக்கு நியாயம் ஆகாது.

பெரியவருக்கு ஒன்று காட்டலாம். மூன்று இலக்கத்தில் எல்லாம் 495-இல் நிற்கின்றன. இரண்டு இலக்கத்தில் நிற்பதே இல்லை. 63, 27, 45, 09, 81 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து இலக்கத்திலும் ஓர் எண்ணில் வந்து நிற்பது கிடையாது. ஆக, இது பத்தை அடிமானமாகக் கொண்டு நாம் எண்களை எழுதும் முறையிலிருந்தும், இலக்கங்கள் நான்கு என்பதிலிருந்தும் பிறக்கும் குணம். 61974-இல் தொடங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கே படிகளில் மறுபடி 61974-க்கே திரும்பிவிடும்.