ஒரே ரேடியேட்டருக்கு 1,700 வாட்டா, 2,150 வாட்டா? இறக்குமதிக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: மைய வெப்பமூட்டலுக்கான ஸ்டீல் பேனல் ரேடியேட்டர்களை ஒரு கன்டெய்னர் இறக்குமதி செய்ய நினைக்கிறேன். 22 வகை, 600 × 1000 மி.மீ. அளவுக்கு ஒரு தொழிற்சாலை 1,700 வாட் என்கிறது; இன்னொன்று 2,150 வாட் என்கிறது. விலை ஏறத்தாழ ஒன்றுதான். எதை எடுப்பது? சுங்கத்தில் எந்தக் குறியீட்டில் அறிவிப்பது?

பதில்: பெரும்பாலும் இரண்டும் ஒரே சூட்டைத் தரும் ரேடியேட்டர்தான். மாறுவது அளந்த விதம்.

ரேடியேட்டரின் வெப்பத்திறன் அதன் சராசரி நீர்ச் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. இதை 'டெல்டா டி' என்பார்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 442 இதை 50 என்று வைக்கிறது: உள்ளே போகும் நீர் 75 டிகிரி, திரும்பும் நீர் 65, அறை 20. பழைய வழக்கம் 90/70/20, அதாவது 60. ரஷ்யாவின் கோஸ்ட் 31311 தரத்தில் அது 70. வித்தியாசம் கூடினால் வாட் நேர்விகிதத்தில் கூடாது. பேனல் ரேடியேட்டருக்கு ஏறத்தாழ 1.3 அடுக்கில் கூடும். 50-ஐ 60 ஆக்கினால் 1.27 மடங்கு, 70 ஆக்கினால் 1.55 மடங்கு. உங்கள் 1,700 வாட் 60-இல் சுமார் 2,150 ஆகும், 70-இல் 2,630 ஆகும். இரண்டாவது தொழிற்சாலை பொய் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அந்த எண்ணை அப்படியே உங்கள் கேட்டலாக்கில் அச்சிட்டால், வாங்குபவரின் அறை குளிர்காலத்தில் சூடாகாது. புகார் உங்களிடம்தான் வரும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: “இந்த வாட் எந்த டெல்டா டி-யில்? அடுக்கு எண் என்ன?” கூடவே ஈஎன் 442 செயல்திறன் அறிவிப்பையும் சோதனைக்கூட அறிக்கையையும் வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் இந்தப் பொருளுக்கு சிஇ முத்திரை (ஒன்றிய விதிகளுக்கு உட்பட்டது என்ற குறி) போட, அங்கீகரிக்கப்பட்ட சோதனைக்கூடம் வகைச் சோதனை செய்திருக்க வேண்டும். அந்த ஆய்வகத்தின் எண் அறிவிப்பில் இருக்கும். அறிக்கையில் உள்ள மாடலும் நீங்கள் வாங்கும் மாடலும் ஒன்றா என்று வரி வரியாக ஒப்பிடுங்கள். 600 உயரத்துக்கான அறிக்கையைக் காட்டி 500 உயரத்தை விற்பதும் நடக்கிறது. வாடிக்கையாளர்கள் குறைந்த சூட்டில் நீரைத் தரும் ஹீட் பம்ப் வைத்திருந்தால் 55/45/20-க்கான, அதாவது டெல்டா டி 30-க்கான வாட்டையும் கேளுங்கள். 1,700 அங்கே சுமார் 875 ஆகிவிடும்.

வாட்டை விட நான் அதிகம் நம்புவது தராசை. தகடு மெலிந்தால் வாட் உடனே குறையாது, ஆயுள்தான் குறையும். அது விற்றுச் சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும். கணக்கு எளிது. 22 வகை என்றால் நீர் ஓடும் இரண்டு பேனல், காற்றைச் சூடாக்கும் மடிப்புத் தகடான கன்வெக்டர் இரண்டு வரிசை. ஒவ்வொரு பேனலும் இரண்டு தகடுகளை வெல்டு செய்தது, ஆக நான்கு தகடு. 0.6 மீட்டர் × 1 மீட்டர் தகடு, 1.2 மி.மீ. தடிமன், எஃகின் அடர்த்தி கனமீட்டருக்கு 7,850 கிலோ: ஒரு தகடு 5.65 கிலோ, நான்கும் 22.6 கிலோ. தகட்டை 1.0 மி.மீ. ஆக்கினால் 18.8 கிலோ. கன்வெக்டர், மூடி, கிரில் எல்லாம் இதற்கு மேல். அதனால் ஒப்பந்தத்தில் “வெறும் ரேடியேட்டரின் எடை இத்தனை கிலோ, குறைவு 3 சதவீதத்துக்கு மிகாமல்” என்று எழுதுங்கள். சோதனைக்கு எடுக்கும் சாம்பிளை நிறுத்துப் பார்த்து, ஒன்றை அறுத்து மைக்ரோமீட்டர் வையுங்கள். மொத்த எடை சரியாக வந்தாலும், நீர் படும் தகட்டை மெலிதாக்கி கன்வெக்டரைக் கனமாக்கியிருக்கலாம். அறுத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

அழுத்தம்: அதிகபட்ச வேலை அழுத்தம் 10 பார் என்று எழுதியிருந்தால், தொழிற்சாலையில் ஒவ்வொரு ரேடியேட்டரும் 1.3 மடங்கில், அதாவது 13 பாரில் கசிவுச் சோதனை தாண்டியிருக்க வேண்டும். சாம்பிள் 1.69 மடங்கில் உடையக் கூடாது. சோதனைக்கு நீர் பயன்படுத்தினார்களா, காற்றா என்றும் கேளுங்கள். உள்ளே எஞ்சிய நீர் கடல் பயணத்தில் துருவாகிவிடும். பிளக் போட்டு மூடியிருந்தால் வெளியில் தெரியாது.

குறியீடு. இரும்பு அல்லது எஃகு ரேடியேட்டர், மின்சாரத்தால் சூடாகாதது: 7322. வார்ப்பிரும்பு 7322.11, மற்றவை, அதாவது உங்கள் பேனல், 7322.19. விசிறியுள்ள, மின்சாரத்தால் சூடாகாத காற்று ஹீட்டர் 7322.90. எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் 8516-க்குப் போகும், வண்டி ரேடியேட்டர் 8708-க்கு. தெர்மோஸ்டாட் தலை பொருத்திய வால்வு தனியாக வந்தால் 8481. சிக்கல் பைமெட்டலில்தான்: உள்ளே எஃகுக் குழாய், வெளியே அலுமினியம். இங்கே எடையில் எந்த உலோகம் அதிகமோ, சுங்க அட்டவணையில் அதன் அத்தியாயத்துக்குப் போகும்; அலுமினியம் மிஞ்சினால் 76-ஆம் அத்தியாயம். இது சாதாரண விஷயமில்லை. சீன அலுமினிய ரேடியேட்டர்கள் மீது ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் ஆன்டி-டம்பிங் வரி (மிகக் குறைந்த விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் கூடுதல் வரி) விதித்தது. தவறான அத்தியாயத்தில் அறிவித்தால் பின்னால் பாக்கி கேட்டு நோட்டீஸ் வரலாம். சந்தேகமிருந்தால் சுங்கத்திடம் கட்டுப்படுத்தும் வகைப்பாட்டு முடிவை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

பிறப்பிடச் சான்றையும் இப்போது எஃகின் பிறப்பிடத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ரஷ்ய எஃகில் மூன்றாம் நாட்டில் செய்த பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பர் 30 முதல் தடுத்திருக்கிறது. அங்கே கொண்டுபோகும் சரக்கென்றால் தகட்டுச் சுருளின் மில் டெஸ்ட் சான்றிதழை (எஃகு ஆலை தரும் சான்று) தொழிற்சாலையிடம் கேளுங்கள். துருக்கியிலிருந்து ஒன்றியத்துக்கு வருவதென்றால், சுங்க ஒன்றியத்தின் ஏ.டி.ஆர். சான்று இருந்தால் வரி இல்லை.

வார்ப்பிரும்பு வேறு உலகம். திறந்த அமைப்பில், காற்று கலந்த நீரில் மெல்லிய எஃகு பேனல் சீக்கிரம் அரிக்கும், வார்ப்பிரும்பு தாங்கும். ஆனால் அது உடையும். ஒரு முறை கீழே விழுந்தால் மயிரிழை விரிசல் விடும், நீர் ஏற்றும்போதுதான் தெரியும். கன்டெய்னர் நிரம்புவதற்கு வெகு முன்பே எடை வரம்பைத் தொட்டுவிடும். 22 வகை பேனலிலோ இடமும் எடையும் ஏறத்தாழ ஒன்றாகவே தீரும். எனவே கடல் வாடகையைக் கணக்கிடும்போது சாலை எடை வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்புத் திரெட்டையும் மறக்காதீர்கள். ஐரோப்பாவில் வழக்கம் ஜி 1/2 நேர் திரெட். அமெரிக்க என்பிடி கூம்பு திரெட் இதில் ஓரிரு சுற்று ஏறும், பிறகு கசியும்.

சரக்கு வந்ததும் சீல் எண்ணைச் சரிபார்த்து, கதவைத் திறக்கும் முன்பும் பின்பும் படம் எடுங்கள். அட்டை ஈரமா, மூலைக் காப்பு நசுங்கியதா என்று பார்த்து, டெலிவரி ரசீதிலேயே குறிப்பெழுதி விடுங்கள். வெளியில் தெரியாத சேதமென்றால் ஹேக்-விஸ்பி விதிகளின் கீழ் கடல் போக்குவரத்துக்கு 3 நாளில், சிஎம்ஆர் உடன்படிக்கையின் கீழ் சாலைப் போக்குவரத்துக்கு 7 நாளில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதனால் பத்துப் பெட்டியையாவது அன்றே பிரித்துப் பாருங்கள்.