போர்வீல் பிக்கப்புக்கு கியர் ஆயில்: கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்ற நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணே, ஹைலக்ஸ் மேனுவல். எத்தனை இடத்தில் ஆயில் மாற்றணும்? நான் 2எச்-இல்தான் (பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை) ஓட்டுகிறேன். (பட்டர்வொர்த்)

நாலு இடம் தம்பி: கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் பெட்டி), முன் டிப்ரென்ஷியல், பின் டிப்ரென்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டிகள்). 2எச்-இல் ஓட்டினாலும் விசை டிரான்ஸ்பர் கேஸ் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் எந்த நட்டைக் கழற்றுவது?

மேலே இருக்கும் ஊற்றும் நட்டை. கீழ் நட்டைத் திறந்து பழைய ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு, பிறகு மேல் நட்டு துருப்பிடித்து அசையாமல் போனால்? ஆயிலே இல்லாத வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போக முடியாது. எனக்கே ஒரு முறை நடந்தது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்! கடைசியில் இழுவை வண்டிதான். அதனால் மேல் நட்டு கழன்ற பிறகே கீழே கை வையுங்கள்.

பத்து பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் இளகி நன்றாக வடியும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். தூக்குவதாக இருந்தால் நாலு பக்கமும் ஸ்டாண்டு; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். புதிய ஆயிலை, மேல் ஓட்டையின் விளிம்பில் வழியும் வரை ஊற்றுங்கள். வாஷர் புதிதாகப் போடுங்கள்.

கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே ஜிஎல்-5 (கியர் ஆயிலின் ஒரு தரம்) போதும் என்கிறாரே?

டிப்ரென்ஷியலுக்குச் சரி. அங்கே பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியபடி அழுத்தும், ஜிஎல்-5-இல் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம்தான் தாங்கும். ஆனால் கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ வளையம் (கியர் உரசாமல் விழ உதவுவது) இருந்தால் அதே சேர்மானம் சில ஆயில்களில் வளையத்தையே அரிக்கும். வண்டியின் கையேட்டில் ஜிஎல்-4 என்று இருந்தால் அதையே வாங்குங்கள். கடைக்காரர் வண்டி ஓட்டப் போவதில்லை.

பாலிக் பூலாவில் டுரியான் தோட்டத்துக்குப் போய் வருகிறேன். பின் டிப்ரென்ஷியல் ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) மாதிரி இருக்கிறது.

தண்ணீர் புகுந்திருக்கிறது ஐயா. மேட்டில் ஏறி டிப்ரென்ஷியல் சூடாகியிருக்கும்போது ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். மேலே இருக்கும் பிரீதர் (காற்றுப் போக்கி) அடைத்திருந்தால், அந்த உறிஞ்சல் ஆக்ஸில் சீல் (அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பு) வழியே தண்ணீரை இழுக்கும். உடனே மாற்றுங்கள், கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடியும் ஒரு முறை மாற்றுங்கள். பிரீதரைக் கழற்றித் துடையுங்கள், சீலையும் பாருங்கள். வெள்ளத்தில் வண்டியை இறக்கியவர்களுக்கும் இதேதான்.

கீழ் நட்டில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருக்கிறது. பயப்படணுமா?

விரலால் தேய்த்துப் பாருங்கள். மை போல வழுவழுப்பாக இருந்தால் சாதாரண தேய்மானம். நெருடினால், அல்லது ஊசி, சில்லு ஏதும் கிடைத்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆட்டோ கியருக்கும் இதேபோல செய்யலாமா?

வேண்டாம். பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது, ஆயிலின் சூடு பார்த்து அளவு வைக்க வேண்டும்.

பழைய ஆயிலை எங்கே கொட்டுவது?

கால்வாயில் வேண்டாம். மலேசிய 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளின்படி இது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் வரும் கழிவு. பழைய டப்பாவிலேயே ஊற்றி, மூடி போட்டு, பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். பெரும்பாலும் தங்கள் டிரம்மில் சேர்த்துக்கொள்வார்கள்.